மூன்றாம் தரத்துக்குள் வாசிக்க வைக்க எந்த வழி?

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் வருடக் கடைசி வந்தால் பழைய மாணவர் சங்கத்தினரும், டவுன் வர்த்தகர்களும், கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் ஒரே கேள்வியோடு வருவார்கள். "வர்ற வருசம் ஸ்கூலுக்கு என்ன செய்யலாம்?" கையில் கொஞ்சம் பணம் இருக்கும், செய்ய மனதும் இருக்கும். பேச்சு பெரும்பாலும் ஒரு கூரைத் திருத்தத்தில், ஒரு ஸ்மார்ட் போர்டில், அல்லது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் போய் முடியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கு ஏதாவது செய்வோம் என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்கு எப்படிச் செலவழிப்பது என்று யாருக்கும் தெரியாததால் அத்தோடு அது நின்றுவிடும்.

அந்தப் பேச்சு நிற்காமல் தொடர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்றாம் தரம் வரையான பிள்ளைகளைத் தடுமாறாமல் வாசிக்க வைப்பதுதான் குறிக்கோள் என்றால், நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையும் தன் பாட்டைப் பார்ப்பது ஒன்று. தொண்டு நிறுவனத் திட்டம் ஒன்றைக் கொண்டுவருவது இன்னொன்று. ஒரே பாதையில் இருக்கும் ஆறேழு பாடசாலைகள் கொத்தணியாகச் சேர்வது மூன்றாவது. முழுக் கல்வி வலயத்துக்கும் ஒரு கூட்டமைப்பு உண்டாக்குவது நான்காவது. என் தெரிவு மூன்றாவது. மற்ற மூன்றும் வீண் என்று சொல்லவரவில்லை. அவை எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதையும் பார்ப்போம்.

வாசிப்பு எங்கே தடுக்குகிறது?

மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்று தமிழ்ப் புத்தகத்தை விரித்துக் கடகடவென்று வாசிக்கிறது. கேட்பவருக்குச் சந்தோசம். கொஞ்சம் குனிந்து பார்த்தால், விரல் இரண்டாம் வரியில் நிற்கிறது, வாய் நான்காம் வரிக்குப் போய்விட்டது. பக்கம் முழுக்க மனப்பாடம். அதே பக்கத்தின் கடைசிச் சொல்லை மட்டும் காட்டி "இது என்ன?" என்றால் நம் முகத்தைப் பார்க்கிறது. "கொடி" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் "கெ... ர... டி" என்கிறது. அந்தப் பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு அரவு, அந்த அரவு பார்வைக்கு "ர" போலவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. அட்டையைப் பார்த்து வரிசையாகச் சொல்லப் பழகுவது சீக்கிரம் வந்துவிடும். வரிசை குலைந்த இடத்தில் எழுத்தை அடையாளம் காண்பதும், கொம்பும் விசிறியும் சேரும்போது ஒலி மாறுவதைப் பிடிப்பதும் அப்படி வராது. அதற்கு இரண்டு மூன்று வருடத் தொடர் பழக்கம் வேண்டும். முதலாம் தரத்தில் எழுத்தை முடித்தாயிற்று என்று இரண்டாம் தரத்தில் பாடத்துக்குள் போய்விடுகிறோம். விட்டுப்போன பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு எளிய வாய்ப்பாட்டைச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் வருவதுதான் விளங்கி வாசித்தல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். மலையகத்துக்கு இது மிகப் பொருந்தும். எழுத்துத் திறன் பாடசாலையில் வருகிறது என்றால், மொழியறிவு அதற்கு முன்பே பிள்ளைக் காம்பராவிலும் (தோட்டத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையம்) லயத்து வாசலிலும் வளர்கிறது. அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கொடுத்து வேலை வாங்கும் இடத்துக்குப் போய்ப் பின்நேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வருகிறார். நாள் முழுக்கப் பிள்ளையோடு பேசுபவர் பிள்ளைக் காம்பரா ஆயம்மாதான். அவர் கதை சொல்கிறாரா, பிள்ளையைக் கேள்வி கேட்க விடுகிறாரா என்பது முதலாம் தர ஆசிரியரின் வேலையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. அங்கே கிடைக்கும் சாப்பாடும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம். தோட்டத்துறையில் 31.7 சதவீதம்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்குப் பிறகும் பல வருடம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். இன்று முதலாம் தரத்தில் இருக்கும் பிள்ளையின் தாத்தா, பாட்டிக்குக் கிடைத்தது ஒரு அறை, ஒரு மாஸ்டர். இப்போது கட்டடமும் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருக்கிறார். ஆனாலும் வீட்டில் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்த ஆள் இல்லாத குடும்பம் இன்னும் எத்தனையோ.

ஆக, எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை யாராவது தனியாகக் கேட்கிறாரா? விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்க நேரம் ஒதுக்கப்படுகிறதா? ஆசிரியரோ அதிபரோ மாறிப் போன பிறகும் அது நடக்குமா?

தன் பாட்டைத் தானே பார்ப்பது

பெரும்பாலான இடங்களில் இப்போது நடப்பது இதுதான். அதிபர் அக்கறையானவராக இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டுவார், உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து மாலை வகுப்புத் தொடங்குவார். யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. இந்த வாரம் பேசினால் அடுத்த வாரம் நடக்கும். அந்த அக்காவைப் பெற்றோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். ஒன்றாம், இரண்டாம் தரப் பிள்ளைகள் பொதுவாகப் பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அம்மா வரும்வரை நான்கைந்து மணித்தியாலம் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

ஆனால் எல்லாம் ஒரே ஆளில் தொங்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால் வகுப்பு நின்றுவிடும். அதிபர் இடமாற்றம் பெற்றாலும் அதே கதை. இரண்டு மூன்று ஆசிரியர்களோடு ஐந்தாம் தரம் வரை நடக்கும் பாடசாலையில் ஒருவர் லீவு எடுத்தால் கூட்டு வகுப்புத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் புலமைப்பரிசில் பரீட்சை. நல்ல ஆசிரியரை ஐந்தாம் தரத்துக்குப் போடுகிறார்கள், மேலதிக வகுப்பும் அங்கேதான். வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்த பிள்ளையின் படம் பெனரில் ஏறுகிறது. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பாடசாலைக்குப் போகவும் உதவித்தொகை பெறவும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே கதவு அது. ஆனால் வாசிக்கத் தெரியாமல் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை இந்த ஏற்பாட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. தனிப் பாடசாலைக்குள் அந்தப் பிள்ளைக்காகப் பேச ஒருவரும் இல்லை.

திட்டம் ஒன்றைக் கொண்டுவருவது

மலையகக் கல்விக்கு வெளியுதவி புதிதில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் பயிற்சியும் கொடுத்தது. ஜெர்மன் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. ரூம் டு ரீட் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் இலங்கையில் இயங்குகிறது. தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் கதைப் புத்தகங்களை வெளியிட்டு ஆரம்பப் பாடசாலைகளுக்கு நூலகம் அமைக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களிடம் பணத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு. வாசிப்பை எப்படிப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது, எப்படி அளப்பது என்ற முறை அவர்களிடம் இருக்கிறது. நம் பழைய மாணவர் சங்கம் எத்தனை இலட்சம் சேர்த்தாலும் அது தானாக வராது.

சிக்கல் திட்டம் முடிந்த மறுநாள் தொடங்குகிறது. மூன்று வருடம் என்று வருகிறார்கள், அவர்களுடைய அளவுகோலுக்குப் பொருந்தும் பாடசாலைகளை எடுக்கிறார்கள், முடிந்ததும் போகிறார்கள். போன பிறகு நூலக அலுமாரியைப் போய்ப் பாருங்கள். பூட்டியிருக்கும். அதிபருக்கு வாசிப்பில் அக்கறை இல்லை என்பதில்லை. புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. வருடக் கடைசியில் எண்ணிக்கை சரியாக வர வேண்டும். ஒன்று கிழிந்தாலும் தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்தால் கிழியத்தான் செய்யும். கிழியாத புத்தகம் வாசிக்கப்படாத புத்தகம்.

பழைய உதவிகளில் இன்றுவரை நின்று பயன் தருவது எது என்று பார்த்தால், பத்தனைக் கல்லூரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர்கள் இன்றும் அங்கிருந்து வெளிவருகிறார்கள். இங்கேயே வேர்விட்ட நிறுவனமாக மாறிய உதவி நிலைத்தது. ஆகவே திட்டம் ஒன்று வாசலுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் போனபின் இதை யார் நடத்துவார், அவருக்கு முதல் வருடத்திலிருந்தே பயிற்சி கொடுப்பீர்களா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மற்றதை நம்பி இருக்காதீர்கள்.

வலயம் முழுவதற்குமான கூட்டமைப்பு

இது கேட்க மிக நன்றாக இருக்கும். உலகில் இதற்கு நல்ல உதாரணங்களும் உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 2006இல் ஸ்ட்ரைவ் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. பாடசாலைகள், பல்கலைக்கழகங்கள், கம்பனிகள், தொண்டு அமைப்புகள் என்று 300க்கு மேற்பட்ட தலைவர்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே அளவீடுகளைப் பார்ப்பது, நாளாந்த வேலையைச் சுமக்க ஒரு சிறிய அலுவலகத்தைத் தனியாக வைப்பது என்ற இரண்டையும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இலண்டனில் 2003 முதல் 2011 வரை நடந்த இலண்டன் சவால் பின்தங்கிய பாடசாலைகளை நல்ல பாடசாலைகளோடு இணைத்தது, அனுபவமுள்ள ஆலோசகர்களை நேரே உள்ளே அனுப்பியது.

நம் வலயத்திலும் சேரக்கூடியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து வலயங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஆசிரியரை இடம் மாற்றவும், ஆசிரிய ஆலோசகரை அனுப்பவும் அதிகாரம் இருக்கிறது. தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும், அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பிள்ளைக் காம்பராக்களைக் கவனிக்கின்றன. பத்தனையில் ஆசிரிய மாணவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்களுக்கு ஒவ்வொரு டிவிசனிலும் தலைவர் உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் எவ்வளவோ செய்யலாம். அந்த ஆசை எனக்கும் உண்டு.

ஆனால் தொடக்கத்திலேயே அங்கே போகக்கூடாது என்று நினைக்கிறேன். முதல் கூட்டம் மண்டபத்தில் நடக்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, உரைகள். ஒரு சங்கத்தின் தலைவர் மேடையில் இருந்தால் அடுத்த சங்கத்தின் தலைவர் வரமாட்டார். பணிப்பாளர் மாறினால் புதியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வலயத்திலிருந்து "வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கடிதம் வந்தால், பாடசாலையிலிருந்து போகும் எண்ணிக்கை எப்போதும் நல்ல எண்ணிக்கையாகத்தான் இருக்கும். கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல எந்த அதிபருக்கும் விருப்பம் இல்லை. மேலே போகும் அறிக்கைக்காக எடுக்கும் அளவீடு பிள்ளைக்குப் பயன்படாது. சின்சினாட்டியில் பொது அளவீடு வேலை செய்தது என்றால், அதைப் பார்த்து ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் பழக்கத்தையும் அவர்கள் சேர்த்தே வளர்த்தார்கள். அந்த நம்பிக்கை நம்மிடம் சின்ன வட்டத்தில்தான் முதலில் உண்டாகும்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. இலண்டனில் ஒரு ஆலோசகர் சுரங்க ரயிலில் ஏறினால் ஒரே நாளில் பல பாடசாலைகளைப் பார்த்துவிடலாம். டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் ஹட்டனில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து போக ஒரு நாள் சரி. அந்த நாளில் அவருடைய வகுப்பு சும்மா இருக்கும்.

ஒரு பாதை, ஒரு கொத்தணி

கொத்தணி என்பது இலங்கைக்குப் புதிய எண்ணம் இல்லை. 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை பாடசாலைகளைக் கொத்தணிகளாகச் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. நாடு முழுவதற்குமான முறையாக அது நிலைக்கவில்லை. ஆனால் மலைநாட்டில் அதற்கு இயல்பான வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது பஸ் ஓடும் பாதை.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போவதை, ஊவாவில் பசறையிலிருந்து லுணுகலைக்குப் போவதை. பாதையின் இரு பக்கமும் தோட்டங்களுக்குள் சின்னச் சின்ன ஆரம்பப் பாடசாலைகள். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு அதே பாதையில் உள்ள ஒன்றிரண்டு பெரிய பாடசாலைகளுக்குத்தான் வருகிறார்கள். டவுனிலிருந்து படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். யார் வகுப்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பஸ்ஸிலேயே பேசிக்கொள்கிறார்கள். கூட்டமைப்பு என்று பெயர் வைக்காத ஒரு கூட்டமைப்பு அங்கே தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வடிவத்தின் பலமே பெரிய பாடசாலையின் அதிபரிடம் இருக்கிறது. மற்ற மூன்று வழிகளிலும் வாசிப்பு என்பது யாரோ ஒருவரின் நல்ல மனதை நம்பியிருக்கிறது. இங்கே அந்த அதிபருக்குத் தேவை இருக்கிறது. ஆறாம் தரத்துக்கு வாசிக்கத் தெரியாமல் வரும் பிள்ளை அவருடைய சாதாரண தரப் பெறுபேற்றைத் தாக்குகிறது. ஒன்பதாம் தரத்துக்குள் இடைவிலகிவிடுகிறது. சின்னப் பாடசாலைகளில் இரண்டாம் தரத்திலேயே அதைத் திருத்த அவர் ஒரு ஆசிரியரை வாரத்தில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், அது அவருக்குத்தான் லாபம். இப்படிச் சொந்தத் தேவையோடு சேரும் ஒருவர் இருந்தால்தான் இடமாற்றங்களையும் தாண்டி வேலை நிற்கும். அவர் மாறினாலும், அந்தக் கதிரைக்கு வருபவருக்கும் அதே தேவை இருக்கும்.

வேலை என்ன? முதல் தவணையின் இரண்டாம் மூன்றாம் வாரத்தில், பாதையில் உள்ள எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம், மூன்றாம் தரப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு அட்டை போதும். மேலே வரிசை குலைந்த எழுத்துகள், அதன் கீழே பிள்ளைக்குப் பழக்கமான சொற்கள், பிறகு இரண்டு வாக்கியம், கடைசியில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு குட்டிக் கதை. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளைச் சோதிப்பது இதுபோன்ற ஒரு தாளை வைத்துத்தான். ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 150 பிள்ளைகளுக்குப் பத்து மணித்தியாலம். மூன்று ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் இரண்டு காலையில் முடிந்துவிடும். ஒரு பாடசாலை ஆசிரியர் அடுத்த பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்பது நல்லது. தன் வகுப்பைத் தானே அளக்கும்போது வரும் தயக்கம் இல்லாமல் போகும். அந்தப் பெயர்ப்பட்டியல் கொத்தணிக்குள்ளேயே இருக்கட்டும். வலயத்துக்கும் போகக் கூடாது, அறிவித்தல் பலகைக்கும் போகக் கூடாது.

அப்புறம் தினமும் ஒரு மணித்தியாலம், தரத்தைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் படிப்பிக்கிறது. பாடத்திட்டம் வேறானாலும் அந்த முறையை நாம் தாராளமாக எடுக்கலாம். நம் சின்னப் பாடசாலைகளில் குறையாகப் பேசப்படும் கூட்டு வகுப்பு இங்கே நமக்குச் சாதகம். இரண்டாம், மூன்றாம், நான்காம் தரப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரே அறையில் இருக்கிறார்கள். கதிரையை மாற்றிப் போட்டாலே போதும்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இதே முறையைப் பல மாநிலங்களில் செய்து ஆராய்ந்து பார்த்தார்கள். பீகாரிலும் உத்தரகாண்டிலும் ஆசிரியருக்குப் பயிற்சியும் பொருளும் கொடுத்து, மற்றதை வழக்கமான பாடசாலை நாளுக்குள் விட்டபோது வாசிப்பில் பெரிய மாற்றம் வரவில்லை. ஹரியானாவில் தினமும் ஒரு மணித்தியாலம் இதற்கென்றே ஒதுக்கி, வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் நேரில் வந்து பார்த்து உதவியபோது மொழித் திறன் முன்னேறியது. பயிற்சிப் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டு வருவதில் நம் பணம் நிறையப் போயிருக்கிறது. வகுப்புக்குத் திரும்பத் திரும்ப வந்து பக்கத்தில் உட்காரும் ஆள்தான் வேண்டும். ஆசிரிய ஆலோசகர் ஒருவருக்கு வலயம் முழுவதும் கொடுத்தால் ஒரு பாடசாலைக்கு வருடத்தில் எத்தனை தடவை போக முடியும்? ஒரே பாதையில் ஏழு பாடசாலை என்றால் மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கொத்தணியின் அளவை இதுதான் தீர்மானிக்க வேண்டும். காலை பஸ்ஸில் போய் இரண்டு பாடசாலை பார்த்துப் பின்நேர பஸ்ஸில் திரும்ப முடியாத இடம் அடுத்த கொத்தணிக்குரியது.

பிள்ளைக் காம்பராவும் இந்த அளவில்தான் கைக்கு எட்டுகிறது. ஒரு பாதையில் உள்ள தோட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பனிகளுக்குள் அடங்கிவிடும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் நேரே போய்ப் பேசலாம். ஆயம்மாவுக்கும் முதலாம் தர ஆசிரியருக்கும் மாதம் ஒரு சந்திப்பு, காம்பராவில் தினமும் ஒரு கதை, பாட்டு. இதற்குக் கம்பனித் தலைமையகத்தோடு ஒப்பந்தம் போடத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. கொத்தணிக்குச் சட்டப்படி நிலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. பணம் எந்தப் பாடசாலையின் கணக்கில் இருப்பது என்பதில் முதல் சண்டை வரும். பெரிய பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் தனிக்கணக்கு ஒன்றை வைத்து, சின்னப் பாடசாலை அதிபர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று செய்வது நல்லது. வலயப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆசிரியரை ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணித்தியாலம்கூட அனுப்பக் கூடாது. பிறகு ஏதாவது நடந்தால் அந்த ஆசிரியர்தான் மாட்டுவார். இன்னொன்று, பாதையை நம்பிய ஏற்பாடு பாதை உடைந்தால் நிற்கும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைநாட்டுப் பாதைகள் பட்டபாட்டை நாம் பார்த்தோம். அப்படியான நாட்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே மாலை வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் ஒவ்வொரு பாடசாலைக்கும் இருக்கத்தான் வேண்டும். அதனால் முதல் வழியை விட்டுவிடாமல் மூன்றாவதுக்குள் கொண்டுவருகிறோம்.

பணத்தை எங்கே போடுவது?

இரண்டு வருடத்துக்கு 20 இலட்சம் ரூபா கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் என்றால் பெரும்பங்கை மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்குக் கொடுப்பனவாக வைப்பேன். 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை நியமித்தபோது மாதம் 6,000 ரூபாதான் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பட்ட கஷ்டம் ஊருக்கே தெரியும். அதே தவறை நாம் செய்ய வேண்டாம். அடுத்து, பாடசாலை பாடசாலையாகப் போகும் ஆசிரியரின் பயணச் செலவு. அதற்குப் பிறகு மெல்லிய கதைப் புத்தகங்கள், நிறைய. அவற்றைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுக்காமல் சங்கத்தின் உடைமையாகவே வைத்து இரவல் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறாது, அலுமாரிக்குள்ளும் போகாது. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கிழிந்தால் புதிதாக வாங்கலாம். ஸ்மார்ட் போர்டுக்கு இதில் இடமில்லை.

எல்லா இடத்துக்கும் கொத்தணி சரிவராது. பாதையின் முடிவில், அடுத்த பாடசாலைக்குப் போக மலை ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு பாடசாலை தனியாக இருந்தால், அங்கே மாலை வகுப்பையே பலமாக நடத்துவது நல்லது. பெரிய பாடசாலை அதிபருக்கு இதில் மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு சின்னப் பாடசாலைகளை மட்டும் சேர்த்துத் தொடங்குங்கள். வலயப் பணிப்பாளரே முன்வந்து "முழு வலயத்துக்கும் செய்வோம்" என்றால், அனுமதிக் கடிதத்தை நன்றியோடு வாங்கிக்கொண்டு, முதல் இரண்டு வருடம் ஒரு பாதையில் மட்டும் செய்ய விடுங்கள் என்று கேளுங்கள்.

சரி, பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? மூன்றாம் தவணைக் கடைசியில் அதே மாதிரி அட்டை, வேறு கதை, வேறு ஆசிரியர். வருடத் தொடக்கத்தில் வாக்கியம் வாசிக்க முடியாமல் இருந்த மூன்றாம் தரப் பிள்ளைகளில் பாதிப்பேராவது வாசிக்க வேண்டும். அந்த அளவுக்கு வராவிட்டால் இரண்டாம் வருடப் பணத்தைச் செலவழிக்க முன் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் உண்மையில் நடந்ததா, ஆசிரியர் மாதம் ஒரு தடவை வந்தாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரே ஒரு வேலை செய்யலாம். உங்கள் பாதையில் உள்ள பெரிய பாடசாலைக்குப் போய், இந்த வருடம் ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளைகளில் வாசிக்கச் சிரமப்படுபவர்கள் எந்தெந்தப் பாடசாலைகளிலிருந்து வந்தார்கள் என்று அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் தாளைப் பார்க்காமலே சொல்வார். அவர் சொல்லும் பாடசாலைகள்தான் உங்கள் கொத்தணி.